நோயாளியின் நோன்பும் செவிலியர் தொண்டும்

நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் மூன்றாவது நிர்விசிகித்சை. அதாவது, பிணியுற்ற உடலைக் கண்டு அருவருப்புக் கொள்ளாமை. வாந்தியெடுத்த முனிவருக்குத் தம் கையாலேயே பணிவிடை புரிந்த உத்தாயன மன்னனை இதற்குச் சான்றாகக் கூறுவர்.

அத்தொண்டை இன்று நமக்குச் செய்வோர் பெரும்பாலும் பிற சமயத்தினரே. கலவையிலிருந்து நாம் நாடிச் செல்லும் வேலூர் கிறித்துவ மருத்துவமனையை ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் ஒரே படுக்கையுடன் தொடங்கினார். முன்பு திண்டிவனத்தில், ஆண் மருத்துவர் தொடலாகாது என்ற வழக்கத்தால் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் மாண்டனர். இருவர் இந்துக்கள், ஒருவர் இசுலாமியர். அம்மையார் அவ்வழக்கத்தை இகழ்ந்து நிற்கவில்லை. தாமே மருத்துவம் கற்றார். 1909இல் செவிலியர் பள்ளியும் தொடங்கினார்.

ஆயினும், நம் நோன்பைச் செவிலியர் அறிவது எங்ஙனம்? நாம் உரைத்தாலன்றோ! சூரியன் மறையுமுன் உணவு, தேன் விலக்கு, கிழங்கு விலக்கியிருப்பின் அதுவும், சேர்க்கையின்போதே கூறிவிடல் வேண்டும். கூட்டு மாத்திரையின் உறை பெரும்பாலும் ஜெலட்டின். விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. தோல் ஆலைகளின் அருகே வாழும் நம்மவரே இதனை அறியாதிருத்தல் வியப்பே! வேறு வடிவில் அம்மருந்து உண்டாவென மருத்துவரைக் கேட்கலாம். தாமாக உறையைப் பிரித்து உண்ணல் ஆகாது.

நாம் அறிந்த முதியவர் ஒருவர், இரவு மாத்திரைகளை மூன்று நாள் தலையணையடியில் ஒளித்து வைத்தார். இரத்த அழுத்தம் ஏறியது. படுக்கை விரித்த செவிலிப்பெண் அவற்றைக் கண்டாள், கடிந்து கொள்ளவில்லை. "ஏன் தாத்தா?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் முதல், மருத்துவரின் இசைவுடன், மாலை ஐந்தரை மணிக்கே மருந்து வந்தது.