ஒரே உணவு, வேறு வேறு பலன்

நீலகிரியில் உதகைக்கும் கூடலூருக்கும் இடையே அமைந்த நடுவட்டத்தில் 19ஆம் நூற்றாண்டிலேயே சிங்கோனா பயிராயிற்று. அதன் பட்டையிலிருந்து மலேரியாவுக்கு மருந்தாகிய கொயினா எடுக்கப்பட்டது. ஒரே அளவு கொயினா உண்போருள் சிலருக்குக் காதிரைச்சல் காணும், சிலருக்குக் காணாது. தாவரப் பொருள் ஒன்றே. ஏற்கும் உடல்களே வேறு. இவ்வுண்மையை இரத்தக் கொழுப்பிலும் காண்கிறோம்.

எள், நிலக்கடலை, தவிட்டெண்ணெய், பருப்பு ஆகியவற்றில் ஸ்டெரால் என்னும் பொருள் உண்டு. அது கொலஸ்ட்ராலை ஒத்த உருவுடையது. குடலில் கொலஸ்ட்ராலின் இடத்தை அது பிடித்துக்கொள்வதால், கொலஸ்ட்ராலில் ஒரு பகுதி இரத்தத்தில் சேராமல் மலத்துடன் கழிகிறது. நாளொன்றுக்கு 2 கிராம் ஸ்டெரால் உண்டால், தீய கொலஸ்ட்ரால் சராசரியாக நூற்றுக்கு 8 முதல் 10 பங்கு குறையும்.

ஆனால் சராசரி எல்லாருக்கும் பொருந்துவதன்று. ஒரே சாயத்தொட்டியில் தோய்த்த பருத்தி நூலும் பட்டு நூலும் ஒன்றுபோல் சாயம் பற்றுவதில்லை என்பதை நெசவாளர் அறிவர். அவ்வாறே சிலர் குடல் கொலஸ்ட்ராலை மிகுதியாக உறிஞ்சும். அவர்களுக்கு ஸ்டெரால் நன்கு பயன்படும். சிலர் கல்லீரலோ கொலஸ்ட்ராலைத் தானே மிகுதியாக ஆக்கும். அவர்களுக்குப் பலன் குறைவு. இவ்வேற்றுமையில் ஒரு பகுதி பிறவியிலேயே அமைந்தது.

மிக அரிதாகத் தீங்கும் நேர்வதுண்டு. 1974இல் பட்டாச்சாரியா, கானர் என்னும் ஆய்வாளர் இருவர், தாவர ஸ்டெரால் உடலிலேயே தேங்கும் நோயைச் சகோதரிகள் இருவரிடம் கண்டு விளக்கினர். அதற்குக் காரணமான மரபணுக்கள் 2000ஆம் ஆண்டையொட்டிக் கண்டறியப்பட்டன.

அங்கத்தினர்கள் மனத்திற்கொள்ள வேண்டியவை:

1. அன்றாட உணவில் கிடைக்கும் ஸ்டெரால் சில நூறு மில்லிகிராமே. அதைப் பெருக்க எண்ணி எண்ணெயைக் கூட்டினால் உடற்பருமனே கூடும்.

2. ஸ்டெரால் சேர்த்த விலையுயர்ந்த உணவை வாங்குமுன் இரத்தத்தைச் சோதித்துக்கொள்க. பிற பழக்கங்களை மாற்றாமல், ஒரு மாதம் சாப்பாட்டுடன் உண்டு மீண்டும் சோதிக்க. சிறு ஏற்றத்தாழ்வு இயல்பாகவே நேரும். அதைப் பலனென்று கொள்ளற்க. தெளிவான குறைவு இல்லையேல் அச்செலவை நிறுத்துக.

3. மருத்துவர் தந்த மாத்திரையை இதன்பொருட்டு நிறுத்தலாகாது. கருவுற்றோரும் பாலூட்டுவோரும் சிறு குழந்தைகளும் இத்தகைய உணவைத் தவிர்ப்பது நன்று.

அண்டை வீட்டாருக்குக் குறைந்தது நமக்குச் சான்றாகாது. நம் இரத்தச் சோதனையே நமக்குச் சான்று.