கற்பூர ஒளியைப் படத்தில் பிடிப்பது

பண்டார் தெங்காரா பக்கத்துத் தோட்டத்து ஆலயங்களில் திருவிழா முடிந்ததும் படங்கள் வந்து குவியும். பாதிக்கு மேல் ஒரே மாதிரிதான்: தீபம் ஒரு வெள்ளைத் திட்டு, சுற்றிலும் அழுக்குச் சாம்பல். "அண்ணா, நேர்ல எவ்வளவு அழகா இருந்துச்சு, படத்துல அது இல்லையே" என்று தம்பிகள் கேட்கிறார்கள்.

கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். கருவறையின் இருட்டைக் கண்டதும் மொத்தத்தையும் ஏற்றிவிடும். இருட்டு சாம்பலாகும், சுடர் வெளுத்துப் போகும். சாதாரணப் படக்கோப்பில் ஒளி 0 முதல் 255 வரை எண்களாகப் பதிகிறது. 255-ஐத் தொட்டுவிட்ட இடத்தில் விவரம் எதுவும் மிஞ்சாது. பிறகு என்ன திருத்தினாலும் வெறும் வெள்ளைதான். நிழலிலிருந்தோ ஓரளவு மீட்கலாம். எனவே வெளிச்சத்துக்கு அளவு வையுங்கள். (பழைய நெகட்டிவ் பிலிமில் நேர் எதிர், அங்கே நிழலுக்குத்தான் அளவு.)

கைப்பேசியில் சுடரின் மேல் விரலை வைத்து, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். சுடரில் மஞ்சள் தெரியும்வரை இழுக்கலாம். கேமராவாக இருந்தால் மைனஸ் 1 அல்லது 2. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். ஐயருக்கும் தொந்தரவு, தீப ஒளியும் செத்துப்போகும்.

அடுத்தது நேரம். சிறு சுடரின் ஒளி, தூரம் இரட்டிப்பானால் நாலில் ஒரு பங்காகக் குறையும். தட்டு பாட்டியின் முகத்தருகே வந்து, அவர் ஒற்றிக்கொள்ளக் கை நீட்டும் அந்த ஒரு நொடியில்தான் முகம் ஒளிரும். அதற்குக் காத்திருங்கள்.

கண் முதலில் ஓடுவது படத்தின் மிக வெளிச்சமான இடத்துக்கு. அது சுவாமியா, மூலையில் கிடக்கும் வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலியா? டியூப் லைட்டும் மினரல் வாட்டர் போத்தலும் எத்தனை நல்ல படங்களைக் கெடுத்திருக்கின்றன! ஓரடி நகர்ந்தாலே போதும், அவை தூணுக்குப் பின்னால் போய்விடும். காவடி செம்பனை வரிசைக்கு நடுவே வரும்போதும் இதே தொல்லை: மரங்களின் இடைவெளியில் தெரியும் வெள்ளை வானம் கண்ணை இழுத்துவிடும். கொஞ்சம் உயரத்தில் நின்று, கருத்த ஓலைகளே பின்னணியாகும்படி எடுத்தால் மயிற்பீலி தனித்துத் தெரியும்.

உச்சி வெயிலை நம்பாதீர்கள். நம் ஊர் பூமத்திய ரேகைக்குப் பக்கம். சூரியன் தலைக்கு மேல் நின்றால் கண்குழிகள் கருத்து, வேட்டி வெளுத்துவிடும். பந்தல் ஓரத்து நிழலுக்குக் கூப்பிட்டு எடுங்கள்.

தோட்டம் கைமாறி ஆலயம் இடம்பெயர்ந்த கதை நம் நாட்டில் புதிதல்ல. பழைய சந்நிதி எப்படி இருந்தது என்று காட்ட அப்போது கையில் இருப்பது இந்தப் படங்கள்தான். அதனால் திருவிழாவுக்கு மறுநாள் காலை, ஏழரை மணி வாக்கில் சாய்வெயில் விழும்போது, கூட்டமில்லாத ஆலயத்தையும் நாலு பக்கமும் எடுத்து வையுங்கள்.