வரப்போகும் ஆன்லைன் மாய உலகம்: என்னென்ன எதிர்பார்க்கலாம்?

கல்மண்டபம் மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் குடியிருக்கும் நண்பர் ஒருவர், போன மாதம் தன் மகனுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தார். காசிமேட்டில் ஐஸ் லோடு ஏற்றி இறக்கும் வேலை அவருக்கு. ஒன்றரை வருடம் சீட்டு கட்டி வாங்கிய கம்ப்யூட்டர் அது. வாங்கிய இரண்டாவது வாரமே என்னைத் தேடி வந்துவிட்டார்.

"இன்னா சார் இது, ரம்மி மாதிரி ஆட்டமா? நாலாயிரம் ரூவா கட்டணும்னு நிக்கிறான். கேட்டா, ஆட்டம் இன்னும் வரவே இல்லன்றான்!"

பையனிடம் கேட்டேன். இன்னும் வெளிவராத ஒரு மாய உலக ஆன்லைன் விளையாட்டுக்கு முன்பணம் கட்டினால் சிறப்பு உடையும் குதிரையும் கிடைக்குமாம். என்னென்ன வசதிகள் வரப்போகின்றன என்று பெரிய பட்டியலே வைத்திருந்தான். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியுள்ள பல வீடுகளில் இந்தப் பேச்சு நடக்கும் என்பதால், அந்தப் பட்டியலை எப்படிப் படிப்பது என்பதை இங்கே விளக்குகிறேன்.

இது எந்த வகை விளையாட்டு?

இந்த வகையை எம்.எம்.ஓ.ஆர்.பி.ஜி. என்று சுருக்கமாக அழைக்கிறார்கள். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் இணையம் வழியே ஒரே கற்பனை உலகில் நுழைந்து, ஆளுக்கொரு வேடம் ஏற்று விளையாடுவது. ஒருவர் வாள் வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் காயம் ஆற்றும் வைத்தியர். நீங்கள் கம்ப்யூட்டரை ஆஃப் செய்துவிட்டுத் தூங்கப் போனாலும் அந்த உலகம் நடந்துகொண்டே இருக்கும். காரணம், அந்த உலகம் உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் இல்லை. நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. உங்களிடம் இருப்பது அதைப் பார்க்க உதவும் படங்களும் ஒலிகளும்தான். இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் சொல்லப்போவது எல்லாம் எளிதில் புரியும்.

1997-ல் அல்டிமா ஆன்லைன், 1999-ல் எவர்குவெஸ்ட், 2004 நவம்பரில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்று இந்த வகை வளர்ந்தது. நம் நாட்டுக்கும் இது புதிதல்ல. 2000-களின் நடுவில் ரக்னராக் ஆன்லைன் என்ற கொரிய விளையாட்டு இந்தியாவுக்கென்று தனி சர்வருடன் வந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சிஃபி நிறுவனம் ஏ3 என்ற இன்னொரு கொரிய விளையாட்டைக் கொண்டுவந்தது. பிரவுசிங் சென்டர்களில் மணிக்கணக்கில் காசு கொடுத்து விளையாடிய காலம் அது. அந்த இரண்டு இந்திய சேவைகளும் பிறகு மூடப்பட்டன. மூடிய அன்று, விளையாடியவர்கள் சேர்த்து வைத்த வாளும் கவசமும் போயின. சர்வர் நின்றால் சி.டி. கையில் இருந்தும் பயனில்லை.

நண்பருக்கு நான் முதலில் சொன்ன பதில் இதுதான்: ரம்மி வேறு, இது வேறு. பணம் வைத்துப் பணம் எடுக்கும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது. சந்தா அல்லது நுழைவுக் கட்டணம் மட்டும் வாங்கும், பந்தயம் இல்லாத விளையாட்டுகளை அதே சட்டம் தனி வகையாகப் பிரித்துள்ளது. ஆனால் ரம்மி இல்லை என்பதால் பணம் போகாது என்று நினைத்துவிடாதீர்கள்.

பட்டியலைப் பிரித்துப் படியுங்கள்

வரப்போகும் விளையாட்டின் வசதிப் பட்டியல் கையில் கிடைத்தால், ஒரு பென்சில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் ஒரு குறி போடுங்கள். வெளியாட்கள் சோதனைப் பதிப்பில் விளையாடிப் பார்த்த வசதியா? நிறுவனம் வீடியோவில் காட்டியது மட்டுமா? அல்லது பேட்டியில் வாயால் சொன்னதா? பையனின் பட்டியலில் இருந்த பதினெட்டு வரிகளில், விளையாடிப் பார்க்கப்பட்டவை நான்கு. வாயால் சொன்னவை பதினொன்று.

இப்போதைக்கு எல்லோரும் காத்திருக்கும் ஒரு விளையாட்டை எடுத்துக்கொள்வோம். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் விளையாட்டை உருவாக்கிய ரயட் கேம்ஸ், அதே ரூனெட்டெரா உலகத்தை வைத்து எம்.எம்.ஓ. ஒன்றைச் செய்வதாக 2020 டிசம்பரில் தெரியவந்தது. 2024 மார்ச்சில், வேலையின் திசையை அடியோடு மாற்றிவிட்டதாகவும் இனி நீண்ட காலம் தகவல் எதுவும் தரப்போவதில்லை என்றும் அறிவித்தார்கள். டெமாசியா, நாக்ஸஸ், பில்ட்ஓவர், ஸான் போன்ற ஊர்கள் அதில் இருக்கும் என்று ஊகிக்கலாம். அந்த உலகத்தின் வரைபடம் பழைய விளையாட்டிலும் ஆர்கேன் தொடரிலும் ஏற்கெனவே இருக்கிறது. எத்தனை வகுப்புகள், மாதச் சந்தா உண்டா, ஒருவரோடொருவர் மோதலாமா என்பதெல்லாம் ரசிகர்களின் ஆசைகள். பட்டியலாக அச்சடித்தால் ஆசையும் உண்மை போலத்தான் தெரியும்.

வாயால் சொன்னவற்றை நம்பிப் பணம் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. கிரானிக்கிள்ஸ் ஆஃப் எலிரியா என்ற மாய உலக விளையாட்டு 2016-ல் பொதுமக்களிடம் நிதி திரட்டியது. கதாபாத்திரத்துக்கு வயதாகும், ஒருநாள் சாகும், வாரிசு தொடரும் என்ற வாக்குறுதி கேட்கவே சுவையாக இருந்தது. அரசர், பிரபு என்ற பட்டங்களைக்கூட முன்கூட்டியே விற்றார்கள். 2020 மார்ச்சில் பணம் தீர்ந்துவிட்டது என்று ஸ்டூடியோ அறிவித்து ஊழியர்களை அனுப்பியது. முழு விளையாட்டு வரவே இல்லை. (நானும் ஒருமுறை வேறொரு விளையாட்டுக்கு இப்படிப் பணம் கட்டினேன். குதிரை இன்னும் வரவில்லை!)

எதிர்ப்பக்க உதாரணத்தையும் சொல்ல வேண்டும். ஃபைனல் ஃபேண்டஸி 14, 2010 செப்டம்பரில் வந்தபோது மிக மோசம் என்று எல்லோரும் திட்டினார்கள். தயாரித்தவர்கள் 2012 நவம்பரில் அந்த உலகத்தின் மேல் ஒரு நிலாவை விழவைத்து, கதைப்படியே அதை அழித்து சர்வரை மூடினார்கள். 2013 ஆகஸ்டில் புதிதாகக் கட்டித் திறந்தார்கள். அது இந்த வகையின் மிகப் பெரிய வெற்றிகளில் ஒன்றாயிற்று. முதல் நாளில் வாங்கியவர்களைவிட மூன்று வருடம் பொறுத்தவர்களுக்கே நல்ல விளையாட்டு கிடைத்தது.

சர்வர் எங்கே இருக்கிறது?

பட்டியலில் பலரும் கவனிக்காத வரி இது. நமக்கோ இதுதான் முதல் வரி. நீங்கள் வாளை வீசுகிறீர்கள். அந்தச் செய்தி சர்வருக்குப் போய், அடி விழுந்ததா என்ற பதில் திரும்பி வர ஆகும் நேரத்தைப் பிங் என்கிறோம். மில்லி செகண்டில், அதாவது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கில் அளப்பார்கள்.

இந்த விஷயத்தில் சென்னை கொடுத்து வைத்த ஊர். சிங்கப்பூரிலிருந்து வரும் ஐ2ஐ என்ற கடலடி கேபிள் 2002 முதல் இங்கேதான் கரையேறுகிறது. நீளம் சுமார் 3,200 கிலோ மீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோ மீட்டர் ஓடும். போய்வர 6,400 கிலோ மீட்டர். ஆக 32 மில்லி செகண்ட். வழியில் உள்ள கருவிகள் எடுக்கும் நேரத்தையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். எவ்வளவு விலை கொடுத்து எந்த பிராட்பேண்ட் வாங்கினாலும் 32-க்குக் கீழே போகவே முடியாது. ஐரோப்பாவில் சர்வர் இருந்தால் நூறைத் தாண்டும், அமெரிக்காவில் இருந்தால் இருநூறைத் தாண்டும். நூறு வரை வசதியாக விளையாடலாம். இருநூறுக்கு மேல், அரக்கன் உங்களை அடித்து முடித்த பிறகுதான் அவன் கையை ஓங்குவதே திரையில் தெரியும்.

உங்கள் இணைப்பைச் சோதிக்க ஸ்டார்ட் மெனுவைத் திறந்து சி.எம்.டி. என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். வரும் கறுப்புத் திரையில் பிங் என்ற சொல்லையும், ஓர் இடைவெளி விட்டு ஒரு தளத்தின் முகவரியையும் ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். நான்கு வரிகளில் எண்கள் வரும். பெரிய தளங்கள் சென்னையிலேயே நகல் வைத்திருப்பதால் அந்த எண் மிகக் குறைவாக வரலாம். அதைப் பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம். நான்கு எண்களும் ஏறக்குறைய சமமாக இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். 8, 9, 140, 8 என்று தாவினால் கோளாறு பெரும்பாலும் வீட்டுக்குள்தான். வை-ஃபையை விட்டுவிட்டு லேன் கேபிள் போட்டுப் பாருங்கள். நண்பர் வீட்டில் ஐந்து மீட்டர் கேபிள் ஒன்றே அந்தத் தாவலைச் சரிசெய்தது.

கம்ப்யூட்டர் தாங்குமா?

2004-ல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் நான்கு சி.டி.களில் வந்தது. அதுவே வளர்ந்து வளர்ந்து இப்போது எஸ்.எஸ்.டி. டிஸ்க்கில் 128 ஜி.பி. இடம் கேட்கிறது. ஆகவே 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. மட்டும் உள்ள கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு ஏறினால், பள்ளி புராஜெக்ட்டுக்கும் கல்யாண வீடியோவுக்கும் இடம் தேட வேண்டியிருக்கும். புதிய விளையாட்டுகளுக்கு 16 ஜி.பி. ராம் இருப்பது நல்லது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டதால், பழைய விண்டோஸ் போட்ட செகண்ட்ஹேண்ட் கம்ப்யூட்டரை இதற்காக வாங்காதீர்கள்.

இன்னொன்று, டி.பி.எம். என்ற பாதுகாப்பு வசதி. திருட்டு ஆட்டக்காரர்களைப் பிடிக்க ரயட் வைத்திருக்கும் வான்கார்ட் புரோகிராம், விண்டோஸ் 11-ல் இது இயங்கினால்தான் வாலரன்ட் விளையாட்டையே திறக்க விடும். அடுத்து வரும் விளையாட்டுகளும் இதைக் கேட்கலாம். விண்டோஸ் கீயுடன் ஆர் கீயை அழுத்தி, டி.பி.எம். புள்ளி எம்.எஸ்.சி. என்று ஆங்கிலத்தில் கொடுத்தால் உங்களிடம் உள்ளதா என்று தெரிந்துவிடும்.

2021-ல் நியூ வேர்ல்ட் விளையாட்டின் சோதனைப் பதிப்பு ஓடியபோது, லட்ச ரூபாய்க்கு மேல் விலையுள்ள சில கிராஃபிக்ஸ் கார்டுகள் செத்துப்போயின. சில கார்டுகளில் சால்டரிங் குறை இருந்ததாகத் தயாரிப்பாளர் பின்னர் கூறினார். மெனு திரையில் கார்டு தேவையில்லாமல் முழு வேகத்தில் ஓடியதும் சேர்ந்துகொண்டது. அதனால் எந்த விளையாட்டிலும் நுழைந்தவுடன் செட்டிங்ஸில் வி-சிங்க் என்பதை ஆன் செய்யுங்கள். நம் ராயபுரம் பக்கம் உப்புக் காற்றும், கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசியும் வேறு. கேபினட்டை ஜன்னல் ஓரம் வைக்காதீர்கள். என் பழைய மெஷினில் ராம் முனைகள் வருடத்துக்கு இருமுறை ரப்பர் போட்டுத் தேய்க்கும் அளவுக்குக் கறுத்தன.

பணம் எங்கே போகும்?

மாதச் சந்தா என்றால் கணக்கு நேரானது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் அமெரிக்காவில் தொடக்கம் முதல் மாதம் 15 டாலருக்கு ஒரு சென்ட் குறைவாக வாங்கியது. நம் பணத்தில் ஆயிரத்து இருநூறைத் தாண்டும். இலவசம் என்று வருபவைதான் கவனிக்க வேண்டியவை. உடை, குதிரை, விரைவாக வளரும் மருந்து, எது வருமென்று தெரியாத அதிர்ஷ்டப் பெட்டி என்று உள்ளே கடை இருக்கும். உடை விற்றால் பரவாயில்லை. பலத்தை விற்றால், பணம் கட்டாத பிள்ளை தோற்றுக்கொண்டே இருக்கும். பட்டியலில் இந்த வரிக்கு மட்டும் இரண்டு குறி போடுங்கள். சோதனைப் பதிப்புக்கு அழைப்பு என்று மெயில் வந்து பாஸ்வேர்டோ ஓ.டி.பி.யோ கேட்டால் உடனே அழித்துவிடுங்கள். விளையாட்டு வருவதற்கு முன்பே போலி அழைப்புகள் வந்துவிடுகின்றன.

காத்திருக்கும் நேரத்தில் இலவசமாகப் பழகிப் பார்க்க வழி உண்டு. ஆல்பியன் ஆன்லைன் 2019 முதல் இலவசம். 2023-ல் ஆசியாவுக்கென்று சிங்கப்பூரில் சர்வர் வைத்தார்கள். சாதாரணக் கம்ப்யூட்டரிலும் ஓடும். கில்ட் வார்ஸ் 2-ன் அடிப்படை விளையாட்டும் 2015 முதல் இலவசம்.

பையனுக்கு ஆல்பியனை இன்ஸ்டால் செய்து கொடுத்தேன். பிங் 47 காட்டியது. முதல் நாளே மரம் வெட்டி, கல் உடைத்து, சந்தையில் விற்று ஒரு கழுதை வாங்கிவிட்டான். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பா கேட்டார், "இங்கியும் லோடு தூக்குற வேலதானாடா?" அந்த நாலாயிரத்தில் ஒரு யு.பி.எஸ். வாங்கினார்கள். மீதிப் பணத்தை அவர் திரும்ப வாங்கிக்கொண்டார்.