கேபிளும் ஓடிடியும்: வீட்டுக்கு ஒரு பட்டியல்

ஒரே டிவியில் இப்போது இரண்டு கணக்கு ஓடுகிறது. மாதாமாதம் கேபிள்காரருக்குத் தரும் பணம் ஒன்று, கார்டிலிருந்து தானாகப் போகும் ஓடிடி சந்தா இன்னொன்று. இரண்டிலும், பார்க்காததற்குப் பணம் கட்டாமல் இருப்பதுதான் முக்கியம்.

செய்ய வேண்டியவை

• வீட்டில் யார் எந்தச் சேனல் பார்க்கிறார்கள் என்று முதலில் எழுதுங்கள். 2019-ல் டிராய் விதிகள் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, கட்டணச் சேனல் ஒவ்வொன்றையும் தனியாகக் கேட்டு வாங்கலாம். "இந்த பேக்தான் சார் இருக்கு" என்று கேபிள்காரர் சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். தனித்தனியாகக் கூட்டிப் பாருங்கள். பேக் மலிவாக வந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம்.

• பணம் கட்டினால் ரசீது கேளுங்கள்.

• 'நோ சிக்னல்' என்று திரையில் வந்தால் என்ன செய்வது என்று வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். பல நேரம் பாக்ஸில் பழுதே இருக்காது. டிவி ரிமோட்டில் 'சோர்ஸ்' பட்டனில் கை பட்டு, எச்டிஎம்ஐ 1 மாறி 2-க்குப் போயிருக்கும். அந்தப் பட்டன் பக்கத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, அவர்களையே இரண்டு முறை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். சீரியல் நேரத்தில் பிள்ளைகளின் போனுக்காகக் காத்திருக்கும் நிலை அவர்களுக்கு வரக்கூடாது.

• ஓடிடியில் பின் நம்பர் போட்டுப் பூட்டுங்கள். 13 வயதும் அதற்கு மேலும் என்று வகைப்படுத்திய படங்களுக்குப் பெற்றோர் பூட்டு வசதி தரவேண்டும் என்று 2021-ன் தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்கின்றன. குழந்தைக்குத் தனி புரொஃபைல் வைத்தால் மட்டும் போதாது. அப்பாவின் புரொஃபைல் திறந்து கிடந்தால் ஒரே அழுத்தில் அங்கே போய்விடும். பூட்டு அதற்குத்தான் முதலில் வேண்டும். பிறந்த வருடத்தைப் பின் நம்பராக வைக்காதீர்கள். பிள்ளைகள் முதலில் போட்டுப் பார்ப்பது அதைத்தான்.

செய்யக்கூடாதவை

• வாடகைக்கு எடுத்த படத்தைச் சும்மா ஓட்டிப் பார்க்காதீர்கள். பெரும்பாலும் தொடங்க 30 நாள் தருவார்கள்; தொடங்கிவிட்டால் 48 மணி நேரம்தான். எல்லோரும் கூடிய பிறகு 'பிளே' அழுத்துங்கள்.

• கார்டில் தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வங்கியிலிருந்து தகவல் வரும். ரிசர்வ் வங்கி விதி அது. விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். வேண்டாத சந்தாவை அன்றே நிறுத்துங்கள்.

• மொபைல் ஹாட்ஸ்பாட்டில் எச்டி வைத்துப் பார்க்க வேண்டாம். மணிக்கு 3 ஜிபி வரை தீரும்.

• லாட்ஜ் டிவியில் உங்கள் கணக்கைத் திறந்தால், அறையைக் காலி செய்யும்போது அப்படியே விட்டுவிட்டு வராதீர்கள். மறந்திருந்தால் போனிலிருந்தே 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதை அழுத்திப் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

• "பாக்ஸ் அப்டேட் செய்யணும், ஓடிபி சொல்லுங்க" என்று யார் கூப்பிட்டாலும் சொல்லாதீர்கள். போனை வைத்துவிட்டு, தெருவுக்கு வரும் உங்கள் கேபிள்காரரிடமே கேளுங்கள்.