திருச்சியில் ரொட்டி தேடிய நாக்கு

கேள்வி: பசறைப் பக்கத் தோட்டமொன்றில் இருக்கிறோம். தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். அம்மாவின் பாட்டனார் புதுக்கோட்டைப் பக்கமிருந்து வந்தவர். போன டிசம்பரில் முதன்முதலாகக் குடும்பத்தோடு திருச்சி, ஸ்ரீரங்கம், வேளாங்கண்ணி என்று பன்னிரண்டு நாள் போய் வந்தோம். நாலாம் நாளே இட்லியைக் கண்டால் எனக்கு வயிறு மூடிக்கொண்டது. ஒரு தேங்காய் ரொட்டி, கொஞ்சம் கட்ட சம்பல், ஒரு பிளேன்டீ கிடைக்காதா என்று தவித்தேன். 13 வயது மகனோ பொரித்த கோழிக் கடைக்குத்தான் வருவேன் என்று அழுதான். இரண்டு தடவை கூட்டிப் போனேன். "பாட்டன் பூட்டன் மண்ணுக்கு வந்து இதைத்தானா தின்பீங்க?" என்று அண்ணன் கோபித்துக்கொண்டார். நான் செய்தது தப்பா? அடுத்த மாதம் தம்பி மலேசியாவுக்கு வேலைக்குப் போகிறான். அவனுக்கு என்ன கட்டிக் கொடுப்பது?
– பசறை வாசகி

பதில்: தப்பே இல்லை, சகோதரி.

முதலில் மகனைப் பார்ப்போம். மலைக்குளிரில் வளர்ந்த பிள்ளை. திருச்சி வெயில், பஸ் அலைச்சல், மாறிய தண்ணீர், சரியான தூக்கமில்லை. களைத்த உடம்பு தெரிந்த சாப்பாட்டைத்தான் நம்பும். அந்தக் கடையில் சுவரிலுள்ள படத்தில் இருப்பதுதான் தட்டுக்கு வரும். அவன் தேடியது கோழியைவிட அந்த நிச்சயத்தைத்தான் என்று நினைக்கிறேன். பன்னிரண்டு நாளில் இரண்டு தடவை என்பது கவலைப்படும் கணக்கல்ல. பயணத்தில் வயிற்றைக் கெடுப்பது பெரும்பாலும் காலையிலிருந்து ஆறிக்கிடக்கும் சட்னி, வெட்டி வைத்த பழம், எந்தத் தண்ணீரில் செய்ததென்று தெரியாத ஐஸ். கண்முன்னே சுடச்சுடப் பொரித்து வருவது அவற்றைவிடப் பாதுகாப்பானது. அதையே மூன்று வேளையும் கேட்டால் மட்டும் மறுத்துவிடுங்கள்.

உங்கள் தவிப்பு அதைவிடப் பெரிய விஷயம். அண்ணனிடம் ஒன்று கேளுங்கள்: அந்தப் பாட்டனார் கப்பலேறி வந்தபோது தேங்காய் ரொட்டியையா கட்டிக்கொண்டு வந்தார்? தோட்டங்கள் தொழிலாளிக்குக் கொடுத்தது அரிசி. அதையும் சம்பளக் கணக்கில் பிடித்துக்கொண்டார்கள். 1942-ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீடு வந்தது, கோதுமை மாவு வந்தது. பிறகு மாவு நம் அடுப்படியை விட்டுப் போகவேயில்லை. விடியுமுன் பெரட்டுக்குப் போக வேண்டிய பெண்ணுக்கு ரொட்டிதான் தோதுப்பட்டது. இருட்டோடு எழுந்து சுட்டுவிடலாம், பகல்வரை கெடாது, மலையில் நின்றபடியே கையில் வைத்துத் தின்னலாம். நமக்கு அதுதான் அவசரச் சாப்பாடு. 2022-ல் மாவு விலை ஏறியபோது தோட்டத்து வீடுகள் பட்ட பாட்டை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆக, நீங்கள் திருச்சியில் தேடியது இந்த லயங்களிலேயே உருவான ருசி. அங்கே அது கிடைக்காததில் வியப்பில்லை.

இங்கிருந்து இந்தியாவுக்குப் போனவர்களையும் இந்த ருசி விடவில்லை. 1964-ல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று எழுதியது. அப்படிப் போனவர்களில் பலர் நீலகிரியில் கூடலூர், கோத்தகிரி பக்கம் குடியேறினார்கள். கோத்தகிரியில் அப்படியொரு வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். ஊவாவிலிருந்து வருகிறேன் என்றதும் அந்த அம்மா ஒன்றும் கேட்காமல் தேங்காய் துருவ உட்கார்ந்துவிட்டார். அப்புத்தளையில் பிறந்தவர். சுடுதண்ணீர் விட்டுப் பிசைந்து, நாலு விரலால் தட்டிக் கல்லில் போட்டார். வெந்து வந்த ரொட்டியில் அவர் விரல் பதிந்த குழிகள் அப்படியே இருந்தன. மேடான இடங்களில் மட்டும் கரும்புள்ளி. என் அம்மா சுட்ட ரொட்டியும் இதே மாதிரிதான் இருக்கும். அந்த அம்மா இந்தியாவுக்குப் போய் நாற்பது வருடத்துக்கு மேலாகியும் ரொட்டியை விடவில்லை. நீங்கள் நாலு நாளில் தேடியதற்கா வெட்கப்படுவது?

அடுத்த தடவை போனால், காலையில் உங்களுக்குப் பிடித்ததைத் தேடிக்கொள்ளுங்கள். பகலுக்கு அந்த ஊர் சமைப்பதைச் சாப்பிடுங்கள். பிளேன்டீ என்றால் அங்கே பல கடைகளில் விளங்காது. பால் போடாமல் டீ என்று சொல்லுங்கள். கொத்து ரொட்டி நினைவு வந்தால் இரவுக் கடையில் கொத்து புரோட்டா உண்டு. ஆனால் அது வேறு பண்டம். நம் கொத்தில் மெல்லிய கோதம்ப ரொட்டி, கரட், லீக்ஸ். அங்கே அடுக்கு புரோட்டா, மேலே சால்னா. நம்முடையதை மறந்துவிட்டுச் சாப்பிட்டால் அருமையாக இருக்கும்.

தம்பிக்கு மலேசியாவில் அவ்வளவு கஷ்டமிருக்காது. அங்கே 'மாமாக்' எனப்படும் சாப்பாட்டுக் கடைகளில் ரொட்டி சானாயும் பருப்புக் குழம்பும் காலையிலேயே கிடைக்கும். 'தே ஓ' என்று கேட்டால் பாலில்லாத சீனித் தேநீர் வரும். சீனியும் வேண்டாமென்றால் 'தே ஓ கொசோங்'. சம்பல் என்ற சொல்லே மலாய் மொழியிலிருந்து நமக்கு வந்ததுதான். ஆனால் அவர்கள் பலவற்றில் இறால் விழுது சேர்ப்பார்கள், முதல் வாய்க்கு அந்த வாடை திடுக்கிட வைக்கும். கொஞ்ச நாளில் பழகிவிடும். அந்தக் கொஞ்ச நாளுக்குத்தான் கைவசம் ஏதாவது வேண்டும்.

மாவும் தேங்காயும் கட்டாதீர்கள். கோதுமை மாவு அங்கே எந்தக் கடையிலும் உண்டு, துருவிய தேங்காய் சந்தையிலேயே விற்கிறார்கள். கறிவேப்பிலை, மாசி, கருவாடு போன்றவற்றை விமான நிலையத்தில் எடுத்து வைத்துவிடக்கூடும், வேண்டாம். போவதற்கு முன் ரொட்டிக்கு மாவு பிசையும் பதத்தை மட்டும் அவன் கையாலேயே இரண்டு தடவை செய்து பழகட்டும். கட்ட சம்பலுக்குச் செத்தல் மிளகாயை எண்ணெயில்லாமல் வறுத்து, உப்போடு கரகரப்பாக இடித்து, காற்றுப் புகாத போத்தலில் போட்டுக் கொடுங்கள். வெங்காயமும் தேசிக்காயும் இப்போது சேர்க்க வேண்டாம். அங்கே போய்ச் சாப்பிடும் நேரத்தில் அவனே சேர்த்துக்கொள்ளட்டும்.