நகரக் கழிவுநீர்ப் பாசனம்: உரக் கணக்கும் வாய்க்கால் பாதுகாப்பும்



நகரங்களை அடுத்த ஊர்களில் கோடையிலும் வற்றாமல் ஓடும் நீர் பெரும்பாலும் நகராட்சிக் கழிவுநீரே. மதுரை அவனியாபுரத்தில் இத்தகைய நீரைக் கொண்டு தீவனப்புல் வளர்த்ததைப் பலரும் அறிவர். இந்நீரில் பயிருக்கு வேண்டிய சத்துகள் உள்ளன. கணக்கின்றிப் பாய்ச்சினால் அதே சத்துகள் நிலத்தையும் கிணற்றையும் வாய்க்காலையும் கெடுக்கும்.

சுத்திகரிப்பில் நடப்பது என்ன?

சுத்திகரிப்பு நிலையத்தில் முதலில் கம்பித் தடுப்பில் குப்பையும், அடுத்த தொட்டியில் மணலும் நீக்கப்படும். பின்னர் கசடு படியவிடப்படும். அடுத்து நீரில் காற்றைச் செலுத்துவர். அப்போது நுண்ணுயிர்கள் பெருகி, கரைந்துள்ள அழுக்கை உண்டுவிடும். மீண்டும் தெளியவைத்து, குளோரின் கலந்து வெளியேற்றுவர்.

சுத்திகரிக்காத நீரை ஆற்றில் விட்டால் இதே நுண்ணுயிர்கள் ஆற்று நீரிலுள்ள பிராணவாயுவைத் தீர்த்துவிடும். மீன்கள் மடிவதும் நீர் கறுத்து நாறுவதும் இதனால்தான்.

சாதாரணச் சுத்திகரிப்பில் கரைந்த உப்புகள் நீங்குவதில்லை. தழைச்சத்திலும் மணிச்சத்திலும் பெரும்பகுதி நீரிலேயே தங்கிவிடும். உருண்டைப்புழுவின் முட்டைகள் குளோரினுக்கு எளிதில் அழிவதில்லை.

உரக் கணக்கு

ஓர் ஏக்கருக்கு 5 செ.மீ. உயரம் நீர் பாய்ச்ச ஏறத்தாழ 2 இலட்சம் லிட்டர் தேவை. ஆய்வில் உங்கள் நீரில் லிட்டருக்கு 40 மில்லிகிராம் தழைச்சத்து இருப்பதாகத் தெரிந்தால், ஒரு பாய்ச்சலில் 8 கிலோ தழைச்சத்து வயலைச் சேரும். இது சுமார் 17 கிலோ யூரியாவுக்குச் சமம். குறுகிய கால நெல்லுக்கு ஏக்கருக்குச் சுமார் 48 கிலோ தழைச்சத்து பரிந்துரைக்கப்படுகிறது. ஆறு பாய்ச்சலிலேயே அது கிடைத்துவிடும். இதற்கு மேலும் யூரியா இட்டால் பயிர் சாயும். குலைநோயும் புகையானும் மிகும். பயிர் எடுத்துக்கொள்ளாத நைட்ரேட் கிணற்றில் இறங்கும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது.

உப்பும் ஆலைக் கழிவும்

மின் கடத்தும் திறன் மீட்டருக்கு 1 டெசிசைமன் உள்ள நீரை மேற்சொன்ன அளவு பாய்ச்சினால், ஒவ்வொரு முறையும் ஏக்கருக்குச் சுமார் 128 கிலோ உப்பு சேரும். வடிகால் வசதியில்லாத நிலம் சில ஆண்டுகளில் உவராகிவிடும்.

நகராட்சிக் கழிவுநீரில் சாயப்பட்டறை, தோல் பதனிடும் ஆலை ஆகியவற்றின் கழிவு கலந்தால் அதைப் பாய்ச்சக் கூடாது. நொய்யலின் குறுக்கே கட்டப்பட்டு 1992-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணையின் நீர், திருப்பூர்ச் சாயக் கழிவினால் பாசனத்திற்கு உதவாமற்போனது. 2011-இல் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட நேர்ந்தது.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. ஆண்டுக்கு இருமுறையேனும் நீரையும் ஒருமுறை மண்ணையும் ஆய்வு செய்யுங்கள். சுத்தமான ஒரு லிட்டர் பிளாஸ்டிக் புட்டியை அதே நீரில் இருமுறை அலசி, ஓடும் நீரின் நடுவில் மாதிரி எடுத்து, அன்றே ஆய்வகத்தில் சேர்ப்பியுங்கள்.

2. ஆய்வு முடிவைப் பார்த்து யூரியாவைக் குறையுங்கள். நல்ல கிணற்று நீர் இருந்தால் மாற்றி மாற்றிப் பாய்ச்சலாம்.

3. கம்பு நேப்பியர், கினியாப்புல், சவுக்கு, தென்னை ஆகியவை ஏற்றவை. கீரை, கொத்தமல்லி, முள்ளங்கி, வெள்ளரி போன்று பச்சையாக உண்பவற்றுக்கு இந்நீர் வேண்டாம்.

4. தீவனப்புல்லை அறுப்பதற்கு இரு வாரம் முன்பே பாசனத்தை நிறுத்துங்கள். வெறுங்காலுடன் வயலில் இறங்கினால் கொக்கிப்புழு தொற்றக்கூடும். ரப்பர் காலணி அணியுங்கள். வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கைகால் கழுவுங்கள்.

5. வயலின் கடைமடையை உயர்த்தி, மிகுநீர் வாய்க்காலுக்குத் திரும்பாமல் தடுங்கள். அதிலுள்ள சத்தே ஏரியில் ஆகாயத்தாமரையை வளர்க்கிறது. கரையோரம் வெட்டிவேர் நடுவது நலம்.

6. கழிவுநீர்க் குழாயை உடைத்து, சுத்திகரிக்காத நீரை எடுக்காதீர்கள்.

7. நீர் திடீரென நிறம் மாறினாலோ நுரைத்தாலோ பாசனத்தை நிறுத்தி, நாள், நேரம், இடம் குறித்து நகராட்சிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். ஊரார் சேர்ந்து எழுதுவது இன்னும் நலம்.

சுத்திகரித்த கழிவுநீரைத் தண்ணீராக மட்டும் கருதாமல், கரைந்த உரமாகவும் கணக்கிட்டுப் பாய்ச்சுங்கள். உரச் செலவு குறையும். உங்கள் கிணறும் கீழ்மடைக்காரரின் வாய்க்காலும் கெடாமல் இருக்கும்.