பூந்தமல்லியைச் சுற்றி ஒரு நாள்

கேள்வி: சுவிட்சர்லாந்து போய்வந்த என் தங்கை, ஸ்டைன் ஆம் ரைன் என்ற சின்ன ஊரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறாள். பழைய ஊராம், காலார நடந்தே பார்த்துவிடலாமாம். எங்கள் பக்கத்தில் ஒரே நாளில் பார்த்துத் திரும்புகிற மாதிரி அப்படி ஏதாவது உண்டா?
– வாசகி, அம்பத்தூர்

பதில்: உண்டு. பூந்தமல்லியும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும்.

ஸ்டைன் ஆம் ரைனின் அழகு, வீட்டு முகப்புகளில் தீட்டிய சித்திரங்களில் இருக்கிறது. மரபைப் பேணும் ஊர்களுக்கு சுவிட்சர்லாந்தில் தரப்படும் வாக்கர் பரிசு, 1972இல் முதன்முதலாக அந்த ஊருக்குத்தான் கிடைத்தது. பூந்தமல்லி வட்டாரத்தில் அப்படி ஒரே வீதியில் எல்லாம் கிடைக்காது. இங்கே பழமை ஐந்தாறு ஊர்களில் சிதறிக் கிடக்கிறது. ஒன்றின் கதை இன்னொன்றில் தொடர்வதால், சேர்த்துப் பார்த்தால்தான் ருசி.

காலையில் அம்பத்தூரிலேயே மின்சார ரயில் ஏறலாம். 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போடப்பட்ட, தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை இதுதான். சுவிஸ் தொடர்பும் பக்கத்திலேயே இருக்கிறது: 1955இல் நேரு திறந்துவைத்த பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை, ஜூரிச் அருகே ஷ்லீரன் என்ற ஊரில் இருந்த நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு தொடங்கப்பட்டது.

முதல் நிறுத்தம், அடுத்த ஸ்டேஷனான திருமுல்லைவாயல். ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் மாசிலாமணீஸ்வரர் கோயிலுக்குப் போகலாம். முல்லைக்கொடியில் சிக்கிய யானையை விடுவிக்கத் தொண்டைமான் மன்னன் வாளை வீச, அது கொடிக்குள் இருந்த லிங்கத்தின் மேல் பட்டது என்கிறது தலபுராணம். அந்தக் காயத்துக்காகத்தான் மூலவருக்கு ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பு. சன்னதி முன்னுள்ள எருக்கந்தூண்களைப் பார்க்காமல் வரக்கூடாது. நந்தி, வழக்கத்துக்கு மாறாக, சுவாமிக்கு முதுகு காட்டி வாசலைப் பார்த்திருக்கும்.

மறுபடி ரயில், இந்த முறை திருநின்றவூர் வரை. திருமங்கையாழ்வார் பாடிய பக்தவத்சலப் பெருமாள் கோயில் இங்கே இருக்கிறது. தாயாரின் பெயர் 'என்னைப் பெற்ற தாயார்'. அருகிலேயே இருதயாலீஸ்வரர் கோயில். கையில் காசில்லாத இவ்வூர்ப் பூசலார் நாயனார் மனத்துக்குள்ளேயே கல் கல்லாகக் கோயில் கட்டினார். காஞ்சியில் பல்லவ மன்னன் எழுப்பிய கற்கோயிலின் குடமுழுக்குக்குக் குறித்த அதே நாளில் இறைவன் பூசலாரின் கோயிலுக்குப் போய்விட்டார் என்கிறது பெரியபுராணம். அதைப் பாடிய சேக்கிழாரும் தூரத்து ஆளில்லை. பூந்தமல்லிக்குத் தெற்கே இருக்கும் குன்றத்தூர்க்காரர்.

உச்சிவேளையில் நடை சாத்திவிடுவார்கள். திருநின்றவூரில் சாப்பிட்டு, ஆவடி வந்து, பூந்தமல்லி பஸ் பிடித்தால் மாலை நடை திறப்புக்குச் சரியாக இருக்கும்.

பூந்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயிலில் நிதானமாக உட்கார வேண்டும். திருக்கச்சி நம்பி பிறந்த ஊர் இது. காஞ்சி வரதருக்கு ஆலவட்டம் வீசியவர். அந்தணர் அல்லாத அவரைக் குருவாகக் கொண்டார் ராமானுஜர். நம்பி உண்ட மிச்சத்தை உண்ணவும் ஆசைப்பட்டார் என்று வைணவ குருபரம்பரை சொல்கிறது. 1017இல் ராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூர், இங்கிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே போனால் வந்துவிடும்.

கடைசியாகத் திருமழிசை. திருவள்ளூர் சாலையில் சில கிலோமீட்டர்தான், பஸ் உண்டு. ஜகந்நாதப் பெருமாள் கோயில் கொண்ட இந்த ஊர், நான்முகன் திருவந்தாதியும் திருச்சந்த விருத்தமும் பாடிய திருமழிசையாழ்வாரின் பிறந்த ஊர்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இந்த ஊர்களை இணைத்துக் காட்டும் ஒரு வரைபடம், திருக்கச்சி நம்பியின் பெயரை வழிப்போக்கருக்குச் சொல்லும் ஒரு பலகை, நிழலோடு நடக்க ஒரு பாதை: இவை பூந்தமல்லி பஸ் நிலையத்திலேயே தொடங்க வேண்டும். கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி மெட்ரோ பாதை, 26 கிலோமீட்டர் நீளத்துக்குத் திட்டமிடப்பட்டது. மெட்ரோவில் வந்து இறங்குகிறவர்களுக்கு ஊர் தன்னை அறிமுகம் செய்துகொள்ள வேண்டாமா?

திருவேற்காட்டையும் குன்றத்தூரையும் இதே நாளில் திணிக்க வேண்டாம். தங்கையையும் கூட்டிக்கொண்டு, இன்னொரு ஞாயிற்றுக்கிழமை போகலாம். மூர்க்க நாயனார் பிறந்த திருவேற்காட்டில் கருமாரியம்மனோடு வேதபுரீஸ்வரரையும் தரிசித்துவிட்டு, குன்றத்தூரில் சேக்கிழார் எழுப்பிய திருநாகேஸ்வரத்தில் முடிக்கலாம்.